தகப்பன் தொழில் என்ற கட்டம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

முன்பு லிப்டில் பொத்தான் அழுத்தினேன். ஜனங்களே அழுத்தக் கற்றுக்கொண்டார்கள். பிறகு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தேன். போன மாதம் கவுண்டரை மூடி இயந்திரம் வைத்துவிட்டார்கள். அதில் டிக்கெட் எடுக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் இப்போது என் வேலை. வாத்தியாராகிவிட்டேன், சிரிக்காதே.

நேற்று ஒரு பெரியம்மா, "இனிமே நானே எடுத்துக்குவேன் தம்பி, நல்லா சொல்லிக் குடுத்தே" என்றார். பின்னால் நின்ற மேலாளர், "எல்லாரும் கத்துக்கிட்டாங்க போல. அப்ப அடுத்த மாசம் நீங்க எதுக்குண்ணே?" என்றார். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது என் தப்பு.

தலைவலித் தைலம் அனுப்பு. கூடவே நாலு வரி எழுது. அறையில் பேச ஆளில்லை.

பாப்பாவின் பள்ளிப் படிவத்தில் தகப்பன் தொழில் என்ன போடுவது என்று கேட்டாயே? வாத்தியார் என்றே போடு. பென்சிலால் எழுது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்