திரையில் என் முழங்கால்

தம்பிக்கு,

மருத்துவர்கள் மாநாட்டில் என் முழங்கால் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டினாயாம். உன் மனைவி பூரித்துப்போய்ச் சொன்னாள். நல்லது. கைதட்டல் உனக்கு, நொண்டல் எனக்கு.

என் கால்கள் பிறவியிலேயே வில்லாக வளைந்தவை. அந்தக் கால்களோடுதான் உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தேன். தேய்ந்த வலது முழங்காலை மாற்றச் சொன்னால், நீ பிறவி வளைவையே நிமிர்த்திவிட்டாய். இப்போது அது எவளோ ஒருத்தியின் கால் மாதிரி இழுக்கிறது. மாடிப்படியில் நண்டு போலப் பக்கவாட்டில் இறங்குகிறேன்.

"வலிக்குதுடா" என்று வந்து நின்றபோதெல்லாம் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் வெளிச்சத்தில் பிடித்தாய். "ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்குக்கா. வலியெல்லாம் உன் மனசுலதான்" என்றாய்.

அடுத்த மாதம் இடது முழங்காலுக்கு ஆபரேஷன். உன்னிடம் இல்லை. உன்னோடு படித்தவர், நீ வாய்க்கு வாய் அரைகுறை என்பாயே, அந்த டாக்டரிடம். அவர் எக்ஸ்ரேயைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "முதல்ல கொஞ்சம் நடந்து காட்டுங்கம்மா" என்றார். வராந்தா முழுக்க நடந்தேன். அவரும் கூடவே நடந்து வந்தார்.

நீ ஒரு தடவைகூடப் பார்க்காத நடை அது.

உன் எக்ஸ்ரேயின் சொந்தக்காரி