இடது காலுக்கு வேலையில்லாத கார்

என்னங்க, சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. நம் காரை நான் எடுக்கவில்லை, சாவி ஆணியில்.

மதியம் ஷோரூம்காரர் வருவார். அந்தப் பெரிய காருக்குச் சரி சொல்லிவிடாதீர்கள். பின்சீட்டில் தாராளமாக உட்காரலாம், டிக்கியில் அத்தையின் சக்கர நாற்காலியும் அடங்கும், எல்லாம் சரிதான். ஆனால் அதில் கிளட்ச் இருக்கிறது. சின்னதில் முழங்கால் இடித்தாலும் அது ஆட்டோமேட்டிக்.

“கியர் போடக்கூட சோம்பலா உனக்கு?” என்று நேற்று கேட்டீர்கள். சோம்பல் இல்லைங்க.

திங்கட்கிழமை சிக்னலில் கிளட்சை மிதிக்கப் போனேன், இடது கால் அசையவே இல்லை. வண்டி குலுங்கி நின்றது. பின்சீட்டில் பாப்பா இருந்தாள்.

இப்போது டாக்சியில் நரம்பு டாக்டரிடம் போகிறேன். பாப்பாவைப் பள்ளியிலிருந்து நீங்களே கூட்டி வந்துவிடுங்கள்.

பி.கு. செருப்பு மாட்டும்போது வலது காலும் மரத்துவிட்டது. எந்தக் காரும் வேண்டாம். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வாங்க.