அப்பாவைத் தொட்டால் காஜா மாமா

7 ஜூலை 2025, திங்கள்

லாரி ஓனர் எங்கள் மேனேஜர் ஜெரால்ட் சாருக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறார். லாரிகளைக் கண்காணிக்கும் எங்கள் ஆப்பில், ஒரு டிரைவரின் போன் இருக்கும் இடத்தை மேப்பில் காட்டும் புள்ளியைத் தொட்டால் அவர் படம், பெயர், எங்கே நிற்கிறார் என்று ஒரு பெட்டி விரிய வேண்டும். தண்டபாணியைத் தொட்டால் காஜா மொய்தீன் விரிகிறாராம்.

அந்தப் பெட்டிக்குப் புரோகிராம் கோடு எழுதியவள் நான். தண்டபாணி என் அப்பா. காஜா மாமா அவர் கூட்டாளி, அதே ஓனரின் இன்னொரு லாரியை ஓட்டுபவர். அது ஆபீசில் யாருக்கும் தெரியாது.

8 ஜூலை

பழைய பெட்டியிலேயே புதுப் பெயரை மாற்றும் இடத்தில்தான் தப்பு என்று நினைத்து, அதை முழுக்கத் திருப்பி எழுதினேன். காலையில் சரியாக விரிந்தது. மத்தியானம் ஆனதும் மறுபடி காஜா மாமா. கோடுக்கு இன்னா, வெயில் தலைக்கு ஏறுதா? சே!

9 ஜூலை

வேறு எந்த டிரைவருக்கும் இப்படி இல்லை. ஏன் இவங்க ரெண்டு பேருக்கு மட்டும்?

10 ஜூலை

கோடில் தப்பே இல்லை. மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண்ணூர் ரோட்டில், லாரிகள் மணிக்கணக்கில் காத்து நிற்கும் ஹார்பர் கேட் வரிசையில், இரண்டு புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று. அப்பாவைத் தொட்டால் மேலே இருக்கும் காஜா மாமாதான் விரிகிறார். அப்பாவின் போன் காஜா மாமாவின் லாரியில் இருக்கிறது. அப்படியானால் அப்பா எங்கே?

அரை நாள் லீவு சொல்லித் திருவொற்றியூருக்கு ஓடி வந்தேன். வீட்டில் அப்பா, படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் புரட்டி முதுகு துடைத்துக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சும் போய்விட்டது. பகலில் பதுருன்னிசா அக்கா வந்து பார்த்துக்கொள்வதாக அப்பா சொன்னதை நம்பித்தான் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"பதுருன்னிசா வேலைய வுட்டு நின்னு ஒரு மாசமாவுது. வேற ஆளும் கெடைக்கல. உன்னான்ட சொன்னா வேலைய வுட்டுருவே. காலைல வண்டிய வரிசையில வுட்டுட்டு, போனை காஜாவான்ட குடுத்துட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன். வரிசை நவுந்தா அவனே ரெண்டு வண்டியையும் தள்ளி வுடுறான். ஓனரு போன் பண்ணா அவனே எடுத்து எதுனா சொல்லிக்கினு கீறான்."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

11 ஜூலை

"திங்கட்கிழமைக்குள்ள காரணம் சொல்லு வினிதா. இல்லேன்னா நிதிஷ்கிட்ட குடுத்துடுறேன்" என்றார் ஜெரால்ட் சார். பக்கத்து சீட் நிதிஷ் கெட்டிக்காரன். உடனே கண்டுபிடித்துவிடுவான். நான் சொன்னாலும் அப்பா வேலை போச்சு. சொல்லலேன்னாலும் போச்சு. நல்லா மாட்டிக்கினேன்.

14 ஜூலை

வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "அது நம்மகிட்ட இல்லம்மா" என்றார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பாவிடம், நாளையிலிருந்து அம்மாவை நான் பாத்துக்கிறேன், நீ போனை உன் பையிலேயே வெச்சுக்கோ என்றேன். "இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?" என்றார். ராத்திரி சாப்பிடவில்லை.

21 ஜூலை

ஜெரால்ட் சார் போன் செய்தார். பெட்டி மத்தியானத்திலும் சரியாக விரிகிறதாம். ஓனருக்கு ஏக சந்தோஷமாம். "போறதுக்கு முன்னாடி கோடுல என்ன மாத்தின? நிதிஷுக்கு ஒண்ணுமே புரியல" என்று கேட்டார்.

ஒன்றும் மாற்றவில்லை சார் என்றேன். அம்மாவைச் சுவர்ப் பக்கம் புரட்டிப் படுக்க வைக்க நேரமாகியிருந்தது. போனை வைத்துவிட்டேன்.