கருப்பனிடம் கேட்ட கேள்விகள்

தை 8, திங்கள்
நல்ல பனி. கண்மாய்க் கரையில் கூட்டம். மதுரையிலிருந்து கவிதா என்றொரு பெண். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் முறை என்று போனில் சொல்லும் ஆப் செய்யப் போகிறதாம். அதற்கு ஊர் வழக்கத்தைக் கேட்டு எழுத வேண்டும்.

முதலில் நான்தான் சொன்னேன். கண்மாய்த் தண்ணீர் வழியும் கலுங்கு உடைந்த வருஷம், என் மாமனார் மண்வெட்டியைத் தூக்கியது, அந்த மண்வெட்டி கொட்டாம்பட்டியில் வாங்கியது. அரைமணி நேரம். அந்தப் பெண் எழுதியது ஒரே வரி.

பிறகு எதிர்வீட்டுக் கருப்பன். வாயே திறக்காத ஆள். அந்தப் பெண்தான் கேட்டது.

"முறை எப்பண்ணே முடியும்? நேரத்த வச்சா, வயல் நெறஞ்சா?"

"நேரந்தான். ரெண்டு மணி."

"ஆள் வரலைன்னா?"

"அடுத்தவனுக்குப் போயிரும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அந்தப் பெண் ஒரு பக்கம் நிறைய எழுதியது. "இம்புட்டுத் தெளிவா யாருமே சொல்லலண்ணே" என்று வேறு.

எப்பவுமே இல்லை. துட்டி வீட்டுக்காரர் வராவிட்டால், கருமாதி முடியும்வரை அடுத்த முறைக்காரர்தான் அவர் வயலுக்குப் பாய்ச்ச வேண்டும். அதைப் பாய்ச்சிய பிறகே தன் வயலுக்கு. வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கருப்பன் அசிங்கப்படட்டும்.

தை 9, செவ்வாய்
கவிதாவுக்குக் கருப்பன் வீட்டில் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பு வாசம் என் வாசல் வரை.

"ஒங்களுக்கு ஏன்யா வயிறு எரியுது?" என்றாள் என் வீட்டுக்காரி.

"அல்சரு."

தை 21, ஞாயிறு
ஆப் வந்துவிட்டது. இனி போன் சொல்கிறபடிதான் மடை. டீக்கடையில் கருப்பனுக்கு "வாங்க இஞ்சினியரு!" நான் போனால் பெஞ்சில் யாரும் நகர்ந்து உட்காருவதுகூட இல்லை. டீயும் ஆறிப்போனது.

தை 24, புதன்
ராக்கு புருஷன் செத்து மூன்றாம் நாள். காலையில் அவள் முறை. வரவில்லை, எப்படி வருவாள்? போன் உடனே முறையை அடுத்தவனுக்கு மாற்றிவிட்டது. அடுத்தவன் நான்.

கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்று விட்டால் எட்டு நாள், அதற்குள் மணி பிடிக்காமல் எல்லாம் சாவியாகிவிடும். அவளுக்கு இருப்பதே அந்த முக்கால் ஏக்கர். அரைமணி நேரம் என் வயலிலேயே பாயவிட்டு நின்றேன். பிறகு வாய்க்காலை வெட்டி அவள் பக்கம் திருப்பினேன்.

கவிதாவுக்குப் போன் போட்டேன். "துட்டி வீட்டுக்கு வேற வழக்கம் தாயி."

"இப்பத்தாண்ணே கருப்பண்ணே சொன்னாரு. மறந்தது தன் தப்புதான்னு வருத்தப்பட்டாரு. அன்னைக்கு நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க, ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியாது தாயி" என்றேன்.