உன் அம்மாவின் போன் தானாக அணைந்தது பற்றி

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் அண்ணியும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அப்போதே சொன்னேன். காலையில் முழுசாக சார்ஜ் ஏற்றிய போன், உன் அம்மா ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்து முடிப்பதற்குள் பாதிக்கு இறங்கியபோதே, அண்ணி, இது ஒரு நாள் பேச்சுக்கு நடுவில் காலை வாரும் என்றேன். யார் கேட்டார்கள். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது, அதனால் என் சொல் அம்பலம் ஏறுவதில்லை. ஆனால் வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் ஓட்டி, கரண்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். முதலாளியே மேலே ஏறும்போது என்னிடம் ஒரு யோசனை கேட்பார், இறங்கும்போது நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

நீ கடைசியாகப் பேசியது உனக்கு மறந்திருக்காது. வேலை ஒப்பந்தத்தை நீட்டிவிட்டேன், இப்போதைக்கு ஊருக்கு வருவதாக இல்லை என்றாய். உன் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போடாமல் பேச வராது, அதனால் எதிரில் உட்கார்ந்து நானும் கேட்டேன். "அப்ப எனக்குன்னு இங்க யாரு இருக்கா, சொல்லு" என்று கேட்டார்கள். பதிலுக்குச் சத்தமே இல்லை. திரையைக்கூடப் பார்க்காமல் போனை மேஜையில் கவிழ்த்து, "வச்சுட்டா" என்றார்கள். நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயைத் திறந்தவன், அவர்கள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் போன் செத்துக் கிடந்தது, சார்ஜ் போட்டதும் பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வீட்டில் அந்த ஒரு சொல்தான். ஊசியில் நூல் கோக்கும்போது வச்சுட்டா, கதவைச் சாத்தும்போது வச்சுட்டா. நீங்களே கூப்பிடுங்களேன் அண்ணி என்றால், "வச்சவதான் எடுக்கணும் தம்பி" என்கிறார்கள். நீயும் கூப்பிடவில்லை. அம்மாதான் வைத்துவிட்டாள் என்று நீ அங்கே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் உன்னைப் பற்றி அண்ணி பேசாத பொழுது இருந்ததில்லை, இப்போது தையல் மெஷின் சத்தம் மட்டும்தான்.

சரி, வைத்தியத்தை நானே கையில் எடுத்தேன். அந்தக் காலத்தில் டார்ச் லைட் செல்லை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவோம், அதே முறையில் போனை ஜன்னல் கட்டையில் வெயில் படும்படி வைத்தேன். எடுக்கும்போது பின்மூடி பல்வலிக்காரன் கன்னம் மாதிரி உப்பியிருந்தது. நான் வைத்ததால்தான் உள்ளே இருந்த கோளாறு வெளியே வந்தது, இல்லாவிட்டால் இன்னும் எத்தனை நாள் ஒளிந்திருக்குமோ. போன் ரிப்பேர் கடையில் இருப்பது ஒரு பெண், உன் வயது இருக்கும், வாயும் உன் வாய்தான். "யாரு சார் இத துணி மாதிரி காயப் போட்டது?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். "அவரு கையில இனிமே எதையும் குடுக்காதீங்க" என்றாள். நல்ல பெண். உப்பின பேட்டரியை அமுக்கக்கூடாது, சார்ஜ் போடக்கூடாது, குப்பையிலும் எறியக்கூடாது என்று தானே கழற்றி வைத்துக்கொண்டாள். பேட்டரிக்கு வயதாகிவிட்டால் முப்பது பர்சென்ட் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடுமாம், போனில் வேறு குறை இல்லையாம். புதுப் போனே வாங்கிவிடலாமா என்று முன்பே அண்ணியிடம் கேட்டிருந்தேன், புதுத் திரையில் எந்தப் படத்தை அமுக்குவது என்று தேடியே மிச்ச ஆயுசு போய்விடும், வேண்டாம் என்றார்கள். ஆகவே பேட்டரி மட்டும். டூப்ளிகேட் கையிலேயே இருக்கிறது, உடனே போடலாம், ஆனால் சீக்கிரமே பழையபடி ஆகும். அசல் வேண்டுமென்றால் சொல்லி வரவழைக்க வேண்டும், தாமதமாகும். அசலே வரட்டும் என்றேன். "டூப்ளிகேட்ட போட்டா இன்னைக்கே பேசலாமே சார்" என்று அவள் இழுத்தாள், நான் தரம் பார்க்கிற ஆள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் விவரத்தைச் சொன்னேன். கடைக்காரப் பெண் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள், எந்த நிமிஷத்தில் பேட்டரி விழுந்தது என்று அதிலேயே பதிவாகியிருக்கிறது, நீங்கள் வாயைத் திறந்த அதே நிமிஷம்தான் என்றேன். "அவ வைக்கல அண்ணி. போன்தான் வச்சுடுச்சு" என்றேன். மெஷினை நிறுத்தினார்கள். "அப்ப நான் கேட்டது அவ காதுல விழவே இல்லையா?" என்றார்கள். விழுந்திருக்காது என்றேன். கொஞ்ச நேரம் துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்துவிட்டு, "நல்லதாப் போச்சு" என்றார்கள். பேட்டரி வந்ததும் முதலில் தானே கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் பட்டன் போனில் உன் நாட்டுக்கு லைன் போகாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீயும் போனைத் தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுத் தூங்காதே, அடிவரைக்கும் தீரவிட்டு ஏற்றாதே, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நோய் நொடி அண்டாமல், எடுத்த காரியம் கைகூடி, நீ நினைத்தபடி இரு, வந்தாலும் வராவிட்டாலும் என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வை. கடைக்காரப் பெண் எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டிப் பார்க்கவில்லை. பேசும்போது அணைந்ததா, அப்புறம் அணைந்ததா என்று கேட்டேன், அது யாருக்கு சார் தெரியும் என்றுவிட்டாள். அந்த நிமிஷக் கணக்கு நான் வீட்டுப் படி ஏறும்போது கட்டியது. அசல் பேட்டரி வந்து சேர்வதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். நீ வைத்தாயா என்று நான் கேட்கமாட்டேன். அம்மா கேட்டால், காதில் விழவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா