சோயொன் என்று பேர் உள்ளவர்கள்

2025 ஜூன் 9, திங்கள்

காலையில் கிளினிக்கில் கூட்டம். திங்கட்கிழமை வந்தால் கே.கே. நகரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை பார்க்கத் தோன்றிவிடும். ரத்தம் எடுக்க உட்கார்ந்த ஒரு பெரியவர், வெறும் வயிறுதான் என்று சத்தியம் பண்ணினார். சட்டையில் தேங்காய்ச் சட்னி. "நேத்துச் சட்டைம்மா" என்றார். சரி, ரிசல்ட் வந்து சொல்லட்டும் என்று ஊசியைக் குத்தினேன்.

சாயங்காலம் ஒத்தக்கடைக்கு வண்டியில் திரும்பும்போது மழை. கொடியில் கிடந்த துணியை அம்மா எடுக்கவில்லை. கேட்டால், "ரோகிணிக்கு எப்ப வலி வருமோன்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்கிறாள். தம்பி பொண்டாட்டி ரோகிணி பிரசவத்துக்குச் செக்கானூரணியில் தாய்வீட்டில் இருக்கிறாள். பெற்றவள் முனீஸ்வரி பக்கத்திலேயே இருக்கும்போது, இங்கே அம்மா போனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? நனைந்த துணியை மறுபடி அலசினேன்.

ஜூன் 12, வியாழன்

பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். நான் அத்தை ஆகிவிட்டேன்.

தம்பி அழகுராஜா கொரியாவிலிருந்து வீடியோவில் வந்தான். கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "யாரு சாடைக்கா?" என்றான். "இப்போதைக்கு யாரு சாடையும் இல்லடா. செவசெவன்னு சுருங்கிக் கெடக்கா" என்றேன். சிரித்தான், அப்புறம் அழுதான். நானும்தான்.

ஜூன் 15, ஞாயிறு

முப்பது நாள் கழித்து, ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணியில் பேர் வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. எங்கள் பக்கம் அப்பனோடு பிறந்த அத்தைதான் பிள்ளையை மடியில் வைத்துக் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். அழகுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே நான்.

பேரை அவனே முடிவு பண்ணிவிட்டான். சோயொன். கொரியாக்காரப் பெண்களுக்கு வைக்கிற பேராம்.

எதற்கு என்று எனக்குக் கேட்காமலே புரிந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் குடல்வால் வெடித்து ரூமில் தனியாகக் கிடந்தானே, அப்போது காப்பாற்றிய கேண்டீன் அம்மா. 'சாப்பாட்டுக்கு முதல் ஆளா நிக்கிற பயல ரெண்டு வேளையாக் காணோமே' என்று தேடிவந்து கதவைத் தட்டி, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள். அங்கே எல்லாரும் அவளை 'இமோ' என்றுதான் கூப்பிடுவார்களாம், நாம் சித்தி என்கிற மாதிரி. அவளுக்கு ஒரு பேர் இருக்கும் என்று யாரும் யோசித்ததே இல்லையாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைச் சோயொன் என்று கூப்பிட்டபோதுதான் இவனுக்கே தெரிந்திருக்கிறது.

"அன்னைக்கே நினைச்சேன்க்கா, பொம்பளப் புள்ள பொறந்தா இந்தப் பேருதான்னு. ரோகிணியும் சரின்னுட்டா. நீதான் சொல்லணும், பழகிக்க."

குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். சோயொன். வாய்க்கு இடைஞ்சலாக இல்லை.

ஜூன் 16, திங்கள்

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பேருக்காரி நல்லா வாழ்ந்தவளா?"

ஜூன் 19, வியாழன்

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இங்கே அப்படித்தான். ஒரு பேரை எடுக்கும் முன்னால் அந்தப் பேரில் ஏற்கெனவே இருந்தவளைப் பார்ப்பார்கள். தாலி அறுத்தவள், பிள்ளை இல்லாதவள், பாதியில் போய்ச் சேர்ந்தவள் பேர் என்றால் ஒதுக்கிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் வகையறாவில் ஜெயக்கொடி என்று இனி எந்தப் பிள்ளைக்கும் வைக்கப்போவதில்லை. வாடிப்பட்டியில் வாழப்போய்ப் பெட்டியோடு திரும்பி வந்தவள் பேர் அது. என் பேர்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனில் தேடினேன். ஒரு சோயொனா, ரெண்டு சோயொனா? வரிசையாக வருகிறார்கள். அந்த நாட்டிலிருந்து முதன்முதலில் விண்வெளிக்குப் போனவள் ஒரு சோயொன். இங்கிலாந்து கிளப்பில் வருஷக்கணக்காகப் பந்து உதைத்தவள் ஒருத்தி. கோல்ஃபில் ஒரு சமயம் உலகத்துக்கே முதலாவதாக இருந்தவள் ஒருத்தி. நடிகைகள், பாடகி. எழுதுகிற எழுத்தைப் பொறுத்து ஒரே பேருக்கு வேறு வேறு அர்த்தமாம்.

ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன்.

"ஆகாசத்துக்குப் போனவளா?"

"ஆமா."

"திரும்பி வந்துட்டாளா?"

"வந்துட்டா. எறங்க வேண்டிய எடத்த விட்டு எங்கேயோ தள்ளிப் போய் எறங்குச்சாம். முதுகுல வலியோட கொஞ்ச நாள் கெடந்திருக்கா. பொழைச்சுக்கிட்டா."

"அப்பச் சரி" என்று அம்மா ரசத்தைக் கலக்கினாள். "புருஷன், புள்ள?"

"அதெல்லாம் இதுல போடலம்மா."

"பின்ன என்னதான் போட்டிருக்கு?"

"என்ன வருசம் பொறந்தாக, என்ன வேலை பாத்தாக. ஒரு வரிதான்."

அம்மாவுக்கு அது போதவில்லை. "உலகத்துல உள்ளவளுகள விடு. அழகுக்குச் சோறு போட்டவ எப்பிடி இருக்கா, அதக் கேளு" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

முனீஸ்வரி அத்தை வந்தார். கூடத்தில் என்னிடம் பிள்ளை பால் குடிப்பதைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். அப்புறம் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"தப்பா நினைக்காதீக சம்பந்தி. பேரு என்னவும் இருந்துட்டுப் போகுது, மாப்பிள்ளை ஆசை. சொல்ற வாயி நல்லா வாழ்ற வாயா இருக்கணும்ல? உங்க கொழுந்தன் மக முத்துச்செல்வியும் அத்தைதானே. புருஷன், ரெண்டு பயலுகன்னு நிறைஞ்சு இருக்கா. அவ சொல்லட்டுமே."

அம்மா "பாப்பம்" என்றாள். முடியாது என்று சொல்லவில்லை.

முனீஸ்வரி அத்தைக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். ரிப்போர்ட் நான் போட்டதுதான். இருந்தும் காபியில் ரெண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன். லேப்காரி செய்கிற காரியமா இது?

ஜூன் 23, திங்கள்

எனக்கென்ன. யார் சொன்னால் என்ன. பிள்ளை நன்றாக இருந்தால் சரி.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று எழுதியது பொய். எனக்கு நானே எழுதிக்கிற நோட்டுல என்னத்துக்குப் பொய்?

எனக்கு வேணும். அந்தப் புள்ளைய நான்தான் மடியில வைக்கணும். நாந்தான் சொல்லணும். கல்யாணம், வளைகாப்பு, சடங்கு — எல்லாத்துலயும் ஓரமா நின்னு பழகிட்டேன். பந்தி விசாரிக்கக் கூப்பிடுவாக, பூ வைக்கக் கூப்பிட மாட்டாக. போகட்டும்னு இருந்தேன். இது என் தம்பி புள்ள. இதையும் பிடுங்கணுமா? அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

ஜூன் 27, வெள்ளி

அழகிடம் பேசினேன். முனீஸ்வரி அத்தை சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. அங்கிருந்துகொண்டு மாமியாரோடு சண்டைக்கு நிற்பான், ரோகிணி நடுவில் கிடந்து அல்லாடுவாள். இமோ எப்படி வாழ்கிறாள் என்று மட்டும் கேட்டேன். தெரியாதாம்.

"அவகிட்ட போயி, நீங்க நல்லா வாழ்றீகளான்னு எப்பிடிக்கா கேக்குறது?"

"அவ பேர எடுக்குறோம்லடா. கேட்டுத்தான் ஆகணும்."

ஜூன் 29, ஞாயிறு

கேட்டுவிட்டான்.

புருஷனை விட்டு வந்து ரொம்ப வருஷம் ஆகிறதாம். பிள்ளை இல்லை. ஒரு நாயோடு தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சிநேகிதிகளோடு மலை ஏறப்போவாள். ஏன் கேட்கிறாய் என்றதற்கு இவன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். முதலில் விளையாட்டு என்று நினைத்தாளாம். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம். "நான் நல்லா இருக்கேன்னு உங்க அம்மாகிட்டச் சொல்லு" என்றாளாம்.

"இதச் சொன்னா அம்மா பேர வேணாம்னுரும். மறைச்சிருவமாக்கா?"

மறைப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை. புருஷன் உண்டு, ரெண்டு பிள்ளை உண்டு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். செக்கானூரணியிலிருந்து யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? உண்மையைச் சொன்னால் அவள் பேரும் போகும். அதைச் சொல்ல எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச பாத்தியதையும் சேர்ந்தே போகும்.

நான் சொல்லிக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

உண்மையைத்தான் சொன்னேன். அந்த அம்மா நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கும்போது, அவளுக்கு நான் ஒரு புருஷனைக் கட்டிவைப்பது அசிங்கமாகப் பட்டது.

அம்மா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"புருஷன விட்டு வந்தவளா?"

"ஆமா."

"புள்ளையும் இல்ல."

"இல்ல."

அம்மா அடுத்த காயை எடுத்து அரிந்தாள்.

"அன்னைக்கு அவ போயிக் கதவத் தட்டலேன்னா?"

"அழகு இல்லம்மா."

குழம்பில் உப்பு இல்லை. ரெண்டு பேருமே கேட்காமல் சாப்பிட்டோம்.

ஜூலை 6, ஞாயிறு

பேர் மாறவில்லை. அம்மா இமோவைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் கைக்குழந்தைக்கு நரம்பு தேடி ரத்தம் எடுத்துவிடலாம்.

முத்துச்செல்வி போன் பண்ணினாள். பாவம், சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தாள். "முனீஸ்வரி அத்தை எனக்குச் சேலை எடுத்துட்டாகக்கா. மாட்டேன்னு சொல்லிரவா?"

"அதெல்லாம் சொல்லாத. போயிச் சொல்லிட்டு வா. எங்க, ஒருக்கா சொல்லிக் காட்டு."

சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். கொஞ்சம் மெதுவாகச் சொல், பிள்ளை பயந்துவிடும் என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 12, சனி

நாளைக்கு டூட்டி கேட்டு வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை டூட்டியைக் கேட்டு வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று டாக்டர் சிரித்தார். சபையில் முத்துச்செல்வி மடியில் பிள்ளை இருக்க, நான் சுவரோரம் நின்று சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

"லேப்ல ஆள் இல்லம்மா" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள். பிள்ளைக்கு வாங்கிய கொலுசை அவள் பையில் வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா ஆறு மணிக்கே போய்விட்டாள். டூட்டிக்குக் கிளம்புகிறேன்.

ஜூலை 14, திங்கள்

நேற்று ராத்திரி எழுத முடியவில்லை.

பதினொன்றரை இருக்கும், ரத்தம் எடுக்க ஒரு அம்மாவுக்குக் கையில் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன். முத்துச்செல்வி போன். "அக்கா, வெரசா வா. பெரியம்மா புள்ளைய மடியில வச்சுக்கிட்டு ஆருக்கும் தர மாட்டேங்குது."

நடந்தது இதுதான். நல்ல நேரம் வந்ததும் முனீஸ்வரி அத்தை, "நல்லா வாழ்ற வாயால பேரு வரட்டும்" என்று முத்துச்செல்வியை உட்காரச் சொல்லியிருக்கிறார். அம்மா பிள்ளையைக் கொடுக்கவில்லை. பந்தலில் அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறாள்:

"சம்பந்தி, இந்தப் பேருக்காரியும் புருஷன விட்டு வந்தவதான். புள்ளகுட்டி இல்ல, ஒத்தையில இருக்கா. அவ போயிக் கதவத் தட்டுனதாலதான் எம் மயன் இருக்கான். உங்க மகளுக்குத் தாலி இருக்கு. இந்தப் புள்ளையும் இருக்கு. அவ பேரு ஆகும்னா எம் மக வாயும் ஆகும். ஆகாதுன்னா ரெண்டும் வேணாம், வேற பேரு பாப்பம்."

ரோகிணிதான் எழுந்து, "மதினிக்குப் போனப் போடுங்க" என்றாளாம். பேர் சொல்லாமல் இலை போட முடியாது. சட்டி சட்டியாகக் கறி ஆறிக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் என்ன சொன்னேன் என்றே ஞாபகம் இல்லை. காளவாசல் சிக்னலில் நிற்கும்போதுதான் கையுறையைக் கழற்றவில்லை என்று தெரிந்தது. நாகமலை தாண்டும் வரைக்கும் அழுதேன். ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பந்தல் வாசலில் முனீஸ்வரி அத்தை நின்றார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "எம்புட்டு நேரம். கை காலக் கழுவிட்டு வா" என்றார்.

கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அம்மா பிள்ளையை என் மடியில் வைத்தாள். அவ்வளவு நேரம் வைத்திருந்ததில் அவள் சேலை நனைந்திருந்தது, அதையும் அவள் கவனிக்கவில்லை. ரோகிணி போனைப் பிடித்தாள். அதில் அழகு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான். குனிந்து சொன்னேன். சோயொன். சோயொன். சோயொன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கும், ஒரு கொட்டாவி விட்டாள்.

முனீஸ்வரி அத்தை பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார். "எனக்கும் ஒருக்கா சொல்லு, நாளைக்கு நான்தான கூப்பிடணும்?" என்றார். சொன்னேன். முணுமுணுவென்று ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி, "இலையப் போடுங்கப்பா" என்று சத்தம் கொடுத்தார்.

முதல் பந்தியில் நான் உட்கார்ந்தேன், அம்மா என் பக்கத்தில். அவள் இலையிலிருந்த ஈரலை எடுத்து என் இலையில் வைத்தாள். "தின்னு. காலையில ஒண்ணும் திங்காம ஓடியிருப்ப" என்றாள்.