ஒழுங்கையைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை

கரம்பொன்,
12.2.1975

அன்பு மகன் செல்வரத்தினத்துக்கு அம்மா எழுதுவது. நயினை அம்மாளின்ரை காவலிலை ஐயாவுக்கு இந்த மாதம் இழுப்பு வரேல்லை, தங்கச்சி நாகபூசணியும் நானும் நடமாடித் திரியிறம். லண்டன் குளிருக்குள்ளை நீயும் நீ கலியாணம் முடிச்ச பிள்ளையும் சுகமாயிருக்க அவளைத்தான் கும்பிடுறன்.

தங்கச்சிக்கெண்டு பின்வளவிலை கட்டின வீடு முடிஞ்சும் குடிபுக ஏலாமல் கிடக்குது. அதுக்குப் போற ஒழுங்கையை மாமா அடைச்சுப்போட்டார். உன்ரை கலியாணச் செய்தி வந்த மூண்டாம் நாள், என்ரை கூடப்பிறந்த அண்ணை, ஆள் பிடிச்சு வேலிக்குக் கதியால் நட்டுக் கிடுகு கட்டினார். ஓடிப்போய் என்னண்ணை இது எண்டு கேட்டன். என்ரை காணியை நான் அடைக்கிறன் எண்டார், முகத்தைப் பாக்கேல்லை. சீமெந்துக்குப் பெர்மிற் கிடைக்காட்டில் என்ன செய்யிறது, மாரி முந்தினால் என்ன செய்யிறது, மேசன் வராட்டில் ஆரைப் பிடிக்கிறது எண்டு நானும் ஐயாவும் எவ்வளவு கதைச்சனாங்கள். வீட்டுக்குப் போற வழி அண்ணையின்ரை காணிக்குள்ளாலை எண்டதை மட்டும் ஒருநாளும் கதைக்கேல்லை. என்ரை அண்ணைதானே, அவரிட்டை இதையெல்லாம் கேக்கிறதோ எண்டு இருந்திட்டன்.

அண்ணையும் அப்பிடித்தான் இருந்திருக்கிறார். தன்ரை மகள் இரஞ்சிதத்தை நீ முடிப்பாய் எண்ட நினைப்பிலைதான் வழி விட்டவராம். அத்திவாரம் வெட்டின அண்டு, எல்லாம் எங்கடை பிள்ளையளுக்குத்தானே எண்டு சொல்லிச் சிரிச்சவர். எனக்கு விளங்கினது மகன். கல்லேத்தின வண்டில் அவரின்ரை வளவுக்குள்ளாலை வந்துகொண்டிருந்தது, நான் வாய் திறக்கேல்லை. உன்னட்டையும் கேக்கேல்லை. நீயும் ரண்டு வருஷம் ஒரு சொல் எழுதாமல், எல்லாம் முடிச்சுப்போட்டு ஒரு படத்தை அனுப்பினாய். அண்ணை என்னை ஏமாத்திப்போட்டார் எண்டு கண்ட ஆக்களுக்கெல்லாம் சொல்லி அழுதன். நெஞ்சு இன்னும் ஆறேல்லை, உன்னிலையும் ஆறேல்லை.

போன வெள்ளிக்கிழமை காலமை இரஞ்சிதம் கத்தியோடை வந்து, தானே கிடுகை அறுத்து, வேலியிலை ஆள் போற அளவுக்கு ஒரு பொட்டு விட்டாள். அண்ணை முத்தத்திலை நிண்டு கத்தினவர். அவள் எங்கள் ரண்டு பேரையும் பாத்து, என்னை ஒரு சொல் கேளாமல் என்னை வைச்சு நீங்கள் ரண்டு பேரும் வீடு கட்டினனீங்கள், இதிலை நாகபூசணி என்ன பிழை செய்தவள் எண்டு கேட்டாள். அண்ணை திரும்பி உள்ளை போட்டார், விழுந்த கிடுகை நான் பொறுக்கினன். பங்குனியிலை பால் காய்ச்சுவம். அண்ணை வருவார் எண்டு நான் இனிச் சும்மா இருக்கமாட்டன், நாளைக்குப் போய் வாயாலை கேக்கப்போறன். வராட்டில் வராட்டும், கேட்டது கேட்டதாயிருக்கும்.

உங்கள் ரண்டு பேருக்கும் ஒரு குறையும் வராது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியிலை போங்கோ. எனக்கு மறுமொழி எழுத முன்னம் இரஞ்சிதத்துக்கு ஒரு கடிதம் போடு.

இப்படிக்கு,
உன்ரை அம்மா
அன்னபூரணம்